கோணியைத் திறந்து காட்டச் சொன்னவர்

எங்கள் குடியிருப்பில் நான் நான்கு வருடம் பிள்ளை பிடிக்கிறவனாக இருந்தேன். நானாகக் கேட்டு வாங்கிய பதவி இல்லை. காட்டுப்பாக்கத்தில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. அதில் தரைத்தளத்து மூலை வீடு எங்களுடையது. எனக்குப் பெரிய மீசை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தடித்துப்போன குரல். போதாததற்கு, வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகு, பக்கத்துக் காலி மனையில் உதிர்ந்து கிடக்கும் இலைகளை அள்ளிக் கோணிப்பையில் அடைத்து, தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவேன். தொட்டிச் செடிகளுக்கு உரம். இவ்வளவு பொருத்தங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்கள் சும்மா விடுவார்களா?

முதல் மாடி அம்மாதான் ஆரம்பித்து வைத்தது. பையன் ஒரு வாய் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பான். “முழுங்குறியா, கோணி தாத்தாவ கூப்பிடவா?” என்று ஒருநாள் கேட்டாராம். முழுங்கிவிட்டான். செய்தி பரவியது. ஒரே மாதத்தில் நான் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவான பூச்சாண்டி ஆனேன். ‘தாத்தா’ என்றதில் மட்டும் எனக்கு வருத்தம். அப்போது எனக்கு ஐம்பத்தாறுதான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. என் ஜன்னல் பக்கம் பந்து வராது. மத்தியானம் இரண்டு மணிக்கு நான் படுத்தால் மாடிப்படியில் ஒரு காலடிச் சத்தம் கேட்காது. சில அம்மாக்கள் மேலே இருந்து, “சார், சும்மா ஒருதடவ இருமிட்டுப் போங்க” என்பார்கள். நானும் சிரத்தையாக இருமுவேன். மேலே ‘கடகட’வென்று ஒரு டம்ளர் பால் காலியாகும். “ஊர்ல ஒவ்வொருத்தர் ரிட்டயர் ஆனா சங்கத்துத் தலைவர் ஆவாங்க, கோயில்ல டிரஸ்டி ஆவாங்க. உங்களுக்குக் கெடச்சது இது” என்பாள் என் மனைவி.

என் பதவியைப் பறித்தவர்தான் நான் சொல்ல வருகிற ஆள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அடுக்குமாடியில் குழந்தை வைத்திருக்கிற ஆணுக்குப் பெயர் ஏது? அவர் ‘கயல் அப்பா’. என் மனைவியின் போனில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒல்லியாக ஓர் ஆள். இடுப்பில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை, முகத்தை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டிருந்தது.

“ரெண்டாவது மாடி சார். புதுசா வந்து கீறோம்.”

“சொல்லுங்க.”

“பாப்பா மூணு நாளா மாடிப்படி எறங்க மாட்டேங்குது சார். நீங்க கொயந்தைங்கள கோணில போட்டு எடுத்துகினு பூடுவீங்கன்னு யாரோ சொல்லிகீறாங்க. அப்டிலாம் இருக்காதும்மான்னு நான் சொல்ட்டேன். ஆனா நானும் பாக்கல இல்ல? அந்தக் கோணிய கொஞ்சம் தெறந்து காட்டுனீங்கன்னா, பாத்துட்டு பூடுவோம்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “என்னங்க, என் வீட்ல சோதனை போட வந்திருக்கீங்களா?” என்றேன், என் முழுக் குரலில். குழந்தை அவர் கழுத்தை இன்னும் இறுக்கியது. அவர் அசையவில்லை. அவருக்கு வேலையே அதுதான் என்று பிறகு தெரிந்தது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரச் சோதனை. லாரியில் ஏறப்போகும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாலு பீஸ் எடுத்து அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். கத்துகிற சூப்பர்வைசர்களைத் தினமும் பார்க்கிறவருக்கு நான் எந்த மூலைக்கு?

உள்ளே இருந்து என் மனைவி கோணியைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். நான்கு வருடமாக இதற்காகவே காத்திருந்ததுபோல் ஒரு முகம். அவர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கோணியைக் கவிழ்த்தார். காய்ந்த பூவரச இலை. வேப்பங்குச்சி. ஒரு நத்தை ஓடு. கடைசியாக, தொப்பென்று, குழந்தைச் செருப்பு ஒன்று.

ஒற்றைச் செருப்பு. நீலம். வாத்து பொம்மை போட்டது.

குழந்தை செருப்பைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு வீறிட்டது பாருங்கள், மூன்றாவது மாடி வரை கதவுகள் திறந்தன. அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சந்தேகப்படவில்லை, ஆனால் முடிவுக்கும் வரவில்லை.

“சார், இது?”

“இலையோட சேர்த்து அள்ளியிருப்பேங்க! மாடியிலேர்ந்து எதெதையோ தூக்கிப் போடுறாங்க, நான் என்ன பண்ண?”

“செருப்புக்காரன் எங்க கீறான்னு பாத்துட்டா முடிஞ்சிபோச்சி” என்றார் அமைதியாக.

குழந்தையை ஒரு கையிலும் செருப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வீடு வீடாக மணி அடித்தார். ‘நீங்களும் வாங்க சார்’ என்று என்னையும் கூட்டிப் போனார். தேடப்படும் குற்றவாளியே கூடவே நடந்து போனது அந்த விசாரணையில்தான். நான்காவது வீட்டில் ஜோடி கிடைத்தது. யார் வீடு என்கிறீர்கள்? என்னைப் பதவியில் அமர்த்திய அதே முதல் மாடி அம்மாவின் வீடு. பையன் பால்கனியிலிருந்து வீசியிருக்கிறான். கயல் அப்பா பையனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். “பாரு பாப்பா. அண்ணன் கீறான். ரெண்டு கையி, ரெண்டு காலு, எல்லாம் கீது. தாத்தா எதையும் எடுத்துக்கல.” கயல் அந்தப் பையனின் காலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அழுகையை நிறுத்தினாள்.

அன்று மாலையே இறங்கி வந்தாள். கோணியைக் காட்டச் சொன்னாள். தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு காலை விட்டாள், மறு காலை விட்டாள், கழுத்துவரை கோணியை இழுத்துக்கொண்டு நின்று, “தூக்கு” என்றாள். என் பதவி அந்த நிமிடத்தோடு போனது. ஒரு வாரத்தில் ஐந்து பிள்ளைகள் கோணிக்கு வரிசையில் நின்றார்கள். ‘அங்கிள் பேரைச் சொல்லிச் சோறு ஊட்ட முடியவில்லை, வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும்’ என்று முதல் மாடி அம்மா வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்.

அந்த விளையாட்டுக்கு ஒரு முறை உண்டாகிவிட்டது. கயலைக் கோணியில், தலை மட்டும் வெளியே தெரிய, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றுவேன். அவள் அப்பா மாடிப்படியடியில் நிற்பார். “இன்னா சார், கோணில இன்னா கீது? தெறந்து காட்டுங்க” என்பார். இறக்கி வைப்பேன். அவர் குனிந்து காது, மூக்கு, விரல் எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஓகே, பாஸ்” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் வெளியே வருவாள். அவர் ‘பாஸ்’ சொல்லாமல் எழுப்பிவிட்டால் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள்.

கயலிடம் யாரும் பொய் சொல்லக்கூடாது. அதுதான் அவருக்குப் பிடித்திருந்த கிறுக்கு. வேறு எப்படிச் சொல்வது? நாமெல்லாம் பிள்ளைகளிடம் நாளைக்கு நாற்பது பொய் சொல்கிறோம். கடை மூடியாச்சு, போனில் சார்ஜ் இல்லை, ஊசி வலிக்காது. இதையெல்லாம் பொய் என்றே நாம் நினைப்பதில்லை. அவர் நினைத்தார்.

பூந்தமல்லி சாலை பேக்கரி வாசலில் கயல் தரையில் புரண்டு அழுவதை நானே பார்த்திருக்கிறேன். போகிறவர்கள் எல்லாம், “கடை லீவுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க” என்று யோசனை சொன்னார்கள். அவர் அவள் பக்கத்தில் நடைபாதையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். “கடை தெறந்துதான் கீது பாப்பா. கேக்கும் கீது. ஆனா காலைல ஒண்ணு துன்ட்ட, இன்னோண்ணு வாங்கித் தர மாட்டேன்.” இதையே இருபது தடவை, ஒரே குரலில். இருபது நிமிடம் கழித்து இரண்டு பேரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

தடுப்பூசிக்கு வானகரம் பக்கம் ஒரு டாக்டரிடம் போனார்கள். நர்ஸ் பழக்கத்தில், “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்றாராம். இவர் குறுக்கிட்டு, “இல்ல பாப்பா, எறும்பவிட ஜாஸ்தி வலிக்கும். பத்து எண்றதுக்குள்ள கொறஞ்சிடும்” என்றிருக்கிறார். கயல் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்களாம். ஆனால் கத்திக்கொண்டே எண்ணினாள் என்று அவள் அம்மா என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “ஏழுல நிறுத்திட்டாக்கா. ‘அப்பா, போச்சு’ன்றா.”

காக்கா விவகாரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கயல் அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிளவுஸ் தைப்பவர். ஒருநாள் போனைக் கேட்டுக் கயல் பிடிவாதம் பிடித்தபோது, அதைத் துணிக் குவியலில் ஒளித்துவைத்துவிட்டு, “காக்கா தூக்கிட்டுப் போச்சு” என்று கையை விரித்துவிட்டார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அன்றிலிருந்து கயல் காக்காவுக்குச் சோறு வைக்க விடவில்லை. பால்கனிக் கம்பியில் காக்கா உட்கார்ந்தால் “திருடா!” என்று செருப்பைத் தூக்கினாள். இரண்டு நாள் கழித்து இவருக்கு விஷயம் தெரிந்தது. கயலைப் பால்கனிக்குக் கூட்டி வந்து, துணிக் குவியலிலிருந்து போனை எடுத்துக் காட்டி, “அம்மாதான் ஒளிச்சி வெச்சாங்க. பாவம், காக்கா இதுல சம்பந்தமே இல்ல” என்றார். அப்பாவும் பெண்ணுமாகக் காக்காவுக்கு மிக்சர் வைத்தார்கள். கயல் அம்மா அன்று முழுக்க அவருடன் பேசவில்லை. கேவலம் ஒரு காக்காவுக்காகக் கட்டின பெண்டாட்டியைக் காட்டிக்கொடுத்துவிட்டாராம். எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகத்தான் பட்டது.

அவரைப் பெரிய அரிச்சந்திரன் என்று நினைத்துவிட வேண்டாம். மேனேஜரிடம் சளைக்காமல் பொய் சொல்வார். திருநின்றவூரில் அவருடைய சொந்த வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வயிற்றுவலி என்றுதான் லீவு எடுப்பார். ஆனால் போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு இறங்கி வந்து பேசுவார். ஒருதடவை கயல் பின்னாலேயே வந்து நின்றுவிட்டாள். “வயிறு ஒரே...” என்று ஆரம்பித்தவர் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “வயிறு நல்லாத்தான் கீது சார். தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து” என்றார். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

“அதென்னங்க, பெரியவங்களுக்கு ஒரு நியாயம், குழந்தைக்கு ஒரு நியாயம்?” என்று கேட்டேன்.

“நான் பொய் சொன்னா மேனேஜரு இன்னோர்த்தர கேட்டுத் தெரிஞ்சிக்குவாரு சார். இது யார கேக்கும்? நான் இன்னா சொல்றனோ அதான இதுக்கு ஒலகம்.”

இருமிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவருக்குக் காலை ஷிஃப்ட். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். முந்தின நாளே கயலிடம், “நீ தூங்கும்போது அப்பா பூடுவேன், மூணு மணிக்கு வந்துடுவேன்” என்று சொல்லிவிடுவார். மூன்றுக்கு வந்துவிடுவார். பஸ் கிடைக்காமல் நேரமானால் போனில் கூப்பிட்டுச் சொல்வார். மூன்று மணியிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். அவர் வந்துவிட்டால் அம்மா கையில் அந்தக் குழந்தை ஒரு வாய் வாங்காது.

அப்படிப்பட்ட ஆளைத்தான் ஓர் ஆவணி மாதம் கம்பெனியில் புனேவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே புதிதாக ஒரு தொழிற்சாலை திறக்கிறார்கள், ஐந்து மாதம் இருந்து ஆட்களைப் பழக்கிவிட்டு வர வேண்டும். போகவில்லையென்றால் இங்கே வேலை நிலைக்காது என்பதை மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் ஆலோசனை நடந்தது. கயல் வாசலில் கோணிக்குள் உட்கார்ந்து பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒன்றையே சொன்னோம். குழந்தை கண்ணில் படாமல் கிளம்பிவிட வேண்டும். ஊரில் அப்படித்தானே செய்கிறார்கள்? என் மனைவி சொன்னாள், நான் சொன்னேன், வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர்கூடச் சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “சொல்லிட்டுத்தான் போவேன் சார்.”

அப்போது கயல் அம்மா பேசினார். சத்தமே இல்லாமல்.

“நீ உண்மைய சொல்லிட்டு ட்ரெயின் ஏறிடுவ. அப்புறம் அழுவுறது யாரு இடுப்புல? எம் இடுப்புல. ராத்திரியெல்லாம் யாரு தூக்கிகினு நடக்கறது? நானு. நீ நல்லவனா இருக்கறதுக்கு நான் பாடு படணுமா? ஒரே ஒருவாட்டி எனக்காக கம்முனு கெளம்பு.”

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “சரி” என்றார்.

திட்டம் என்னுடையது. ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் கயலைக் கோணியில் தூக்கிக்கொண்டு பின்பக்கக் காலி மனைக்குப் போய்விட வேண்டும். முன்பக்கம் ஆட்டோ வரும். அவர் போய்விடுவார். சொந்த மூளையை மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாசலில் நின்றார். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. “ரிஜெக்ட் பீஸுக்கு ஓகே போட்டு அனுப்புற மாரி கீது சார்” என்றார். “அதெல்லாம் குழந்தை மறந்துடும்” என்றேன். அவர் தலையாட்டவில்லை.

ஞாயிறு காலை கயல் மஞ்சள் கவுனில் வந்தாள். கோணிக்குள் ஏறினாள். தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். பூவரச மரத்தைச் சுற்றினேன். முன்பக்கம் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெட்டி ஏற்றும் சத்தம் கேட்டது. இன்னொரு சுற்றுச் சுற்றினேன். ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“தாத்தா, போதும். அப்பாகிட்ட போ. செக் பண்ணட்டும்.”

“இன்னும் ஒரு சுத்து போலாம்டா.”

“போதும். அப்பா நிக்கிறாங்க. போ.”

மாடிப்படியடியில் அப்பா நிற்கிறார் என்பதில் அவளுக்கு ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லை. என் மார்பில் சாய்ந்துகொண்டு, எண்ணுவதற்கு வசதியாகப் பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டாள். நான் அந்த விரல்களைப் பார்த்தேன். நான்கு வருடம் பிள்ளை பிடிக்கிறவன் என்று பேர் வாங்கியும் நான் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாகச் செய்கிறேன் என்று தோன்றியது.

ஓட ஆரம்பித்தேன்.

கேட்டைத் தாண்டினேன். என் மனைவி, “ஏங்க, எங்க போறீங்க?” என்று கத்தினாள். கயல் அம்மா மேலே பால்கனியிலிருந்து கத்தினார். நிற்கவில்லை. வலது முட்டி விண்விண்ணென்றது. கோணியில் குலுங்கிக்கொண்டே கயல் சிரித்தாள். அவளுக்கு இது விளையாட்டின் புதுப் பகுதி. தெரு முனை டீக்கடைக்கு எதிரே வந்தபோதுதான் நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். பெரிய மீசை. கோணி. கோணிக்குள் குழந்தை. ஓட்டம்.

“யோவ் பெருசு, நில்லு! கோணில இன்னாயா?”

“டேய், புள்ளடா! புள்ளைய தூக்கிகினு ஓட்றாண்டா!”

ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். இன்னொருவன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான். எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை.

“பயப்படாத பாப்பா. இவன் யாரு உனக்கு?”

கயல் மிகத் தெளிவாகச் சொன்னாள்: “கோணி தாத்தா.”

“பேரே அதானாம்டா!” என்று கையை ஓங்கிவிட்டான்.

அடி விழாமல் என்னைக் காப்பாற்றியது ஒரு தண்ணீர் லாரி. தெரு முனையில் அது பின்னால் எடுத்துக்கொண்டு வழியை அடைத்து நின்றதால், அதற்குப் பின்னே மாட்டிக்கொண்ட ஆட்டோவிலிருந்து அவர் கூச்சலைக் கேட்டு எட்டிப் பார்த்தார். இறங்கி ஓடி வந்தார்.

“வுடுப்பா! வுடுப்பா அவர! எங்க சாரு!”

“கோணில புள்ள வெச்சிகீறான்யா!”

“எம் பொண்ணுதான்!”

“உம் பொண்ண எதுக்குய்யா அந்தாளு கோணில...” என்று ஆரம்பித்தவனுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. நான் கோணியைத் தரையில் இறக்கினேன். கயல் அப்பாவைப் பார்த்து விரல்களை நீட்டி, “செக் பண்ணு” என்றாள்.

அவர் தெருவில் மண்டியிட்டார். விரலை எண்ணவில்லை. கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“கயலு, அப்பா ஊருக்குப் போறேன். ரயில்ல. ரொம்ப தூரம். இன்னிக்கி மூணு மணிக்கு வர மாட்டேன். நாளிக்கும் வர மாட்டேன்.”

“எப்ப வருவ?”

“மழையெல்லாம் பேஞ்சி முடிஞ்சி, பொங்கல் வரும். அதுக்கு வருவேன்.”

“நானு?”

“நீ அம்மாகிட்ட இருப்ப. உன்கிட்ட சொல்லாம பூடலாம்னு பாத்தேன். தப்பு பண்ணிட்டேன்.”

அவள் பட்டென்று அவர் கன்னத்தில் அடித்தாள். பிறகு அழுதாள். “அழுவு. எனக்கும் அழுகதான் வருது” என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்காரர்கள், லாரிக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் பார்க்க அவரும் அழுதார். என் காலரைப் பிடித்திருந்தவன் காலரை விட்டுவிட்டு, அதை நீவி வேறு விட்டான். லாரி நகர்ந்தது. ரயிலுக்கு நேரமாயிற்று. அவர் அவளை எண்ணி முடித்து, “பாஸ்” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தெருவே அதிரக் கத்துகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி நடந்தேன். முகத்தில் நகத்தால் கீறினாள். மீசையைப் பிடித்து இழுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

கயல் அம்மா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. இரண்டு நாள் குழந்தை விடாமல் அழுதது. அந்த இரண்டு ராத்திரியும், அன்று சொன்னபடியே, கயல் அம்மாதான் தூக்கிக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் அம்மா கையால் ஒரு வாய் வாங்கினாள். பிறகு மெல்ல மெல்லச் சரியானாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முதல் மாடிப் பையனின் அப்பா தினமும் அவனுக்குத் தெரியாமல்தான் வேலைக்குக் கிளம்புவார். அவர் போன பிறகு பையன் கட்டிலுக்கு அடியில், குளியலறையில், கதவுக்குப் பின்னால் என்று தேடிக்கொண்டிருப்பான். கயல் எங்கேயும் தேடவில்லை. யாராவது வம்புக்கு, “உங்கப்பா எங்க?” என்றால், “புனேல. மழை முடிஞ்சி வருவாங்க” என்பாள். கயல் அம்மாவும் இதைக் கவனித்திருக்க வேண்டும். எட்டாம் நாள் ஒரு கிண்ணம் பாயசத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

போகிக்கு முந்தின நாள் கயல் அப்பா வந்தார். மாடிப்படியடியில் நின்று எண்ணினார். ஒரு பல் அதிகம் என்றார். ஆனால் கம்பெனி அவரை அங்கேயே வைத்துக்கொள்ள முடிவு செய்திருந்தது. தை முடிவதற்குள் மூன்று பேரும் புனேவுக்குக் குடி போனார்கள். வண்டியில் ஏறியதும் கயல் ஜன்னல் வழியே கேட்டாள். “தாத்தா, நீ எப்ப வருவ?”

“வரேன்டா கண்ணு. சீக்கிரம் வரேன்” என்றேன். யாராயிருந்தாலும் அதைத்தானே சொல்வோம்? முன் சீட்டிலிருந்து அவர் திரும்பிப் பார்த்தார். கோணியிலிருந்து செருப்பு விழுந்த அன்று பார்த்தாரே, அதே பார்வை.

இரண்டு வாரத்தில் போன் வந்தது.

“சார், வரேன்னு சொன்னீங்களாம். எந்தத் தேதின்னு பாப்பா கேக்குது.”

“அட, அது சும்மா...” என்று இழுத்தேன். “முட்டி வலி வேற. ரயில்ல அவ்வளவு தூரம்...”

“அத நீங்களே அதுகிட்ட சொல்டுங்க சார். போன குடுக்கறேன்.”

மறுமுனையில் குழந்தை மூச்சு விடும் சத்தம் கேட்டது. காத்திருந்தது. எதிரே என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நாள்காட்டியைப் பார்த்து ஒரு தேதி சொன்னேன்.

“கோணி?” என்றது போன்.

“எடுத்துட்டு வரேன்.”

“இலை?”

“இலையும் போட்டு எடுத்துட்டு வரேன்.”

அதை ஏன் சொன்னேன்? அது வாயிலிருந்து வந்துவிட்டது. ஆகவே மாசி மாதத்தில் ஒருநாள், காட்டுப்பாக்கம் காலி மனையில் அள்ளிய பூவரச இலையைக் கோணியில் கட்டிக்கொண்டு, அறுபத்தோரு வயது முட்டியோடு நான் புனே ரயிலில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் பரிசோதகர் கோணியில் என்ன என்று இரண்டு தடவை கேட்டார். குப்பை என்றுதான் சொன்னேன். என் மனைவி பக்கத்தில் உட்காரவே கூச்சப்பட்டு எதிர் சீட்டுக்குப் போய்விட்டாள்.

பிளாட்பாரத்தில் அப்பாவும் பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். கயல் என்னைப் பார்த்து ஓடி வரவில்லை, கோணியைப் பார்த்துத்தான் ஓடி வந்தாள். அவர் நிதானமாகப் பின்னால் வந்தார்.

“இன்னா சார், கோணில இன்னா கீது? தெறந்து காட்டுங்க.”

அத்தனை ஜனங்களுக்கு நடுவே கோணியை இறக்கி வாயை அவிழ்த்தேன். கயல் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அவரும் குனிந்து, கையை விட்டு அடிவரை துழாவி, ஒரு காய்ந்த இலையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓகே சார், பாஸ்” என்றார்.

முப்பது வருடம் எஸ்டேட்டில் வேலை பார்த்திருக்கிறேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.